பாலைவனத்துக்குப் போன ஆணி

என் மகள் வளைகுடாவில், பாலைவனத்து ஓரமாக ஒரு வீட்டில் இருக்கிறாள். வேலைக்குப் போனவள் வேலையோடு நின்றிருக்கலாம். பின்பக்கத்தில் கோழி வளர்த்தாள். கோடை தொடங்கியதும் ஒரே மதியத்தில் நாலு கோழிகள், நிழலில் நின்றவை நின்றபடியே, வாயைப் பிளந்து சுருண்டன. அழுதுகொண்டே அழைத்தாள்.

"மிச்சக் கோழியில ஒண்ண அடை வெச்சிருக்கேம்மா. இதுவும் போச்சுன்னா நான் கொன்ட்ராக்ட இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நீட்டல. வீட்டுக்கே வந்துர்றேன்."

ஆறுதல் சொல்லிவிட்டு போனை வைத்தேன். கோழி தாங்காத வெயிலில்தானே என் பிள்ளையும் இருக்கிறாள். என் கணவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அப்ப வந்துருவாளா?" எங்கள் வீட்டில் கோழிகளுக்கு நடந்த துக்க விசாரிப்பு அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து எல்லோரும் கோழி நிபுணர்கள். கோழியைக் குழம்பில் மட்டுமே சந்தித்தவர்கள். இங்கே பினாங்கில், பிறை வட்டாரத்தில் தொழிற்சாலை வேலை பார்க்கும் என் தம்பி, "கூட்டுக்கு ஏர்கோன் போடச் சொல்லுக்கா" என்றான். என் கணவர் போனிலேயே கட்டளை போட்டார். "கூட்டுக்குக் கிட்ட தண்ணியே வெக்காத. பூசணம் புடிக்கும்." நாங்கள் இருக்கும் ஜெலுத்தோங்கில் மழை ஈரத்துக்கு அலமாரிக்குள் வைத்த செருப்புக்கே பூசணம் பிடிக்கும். அந்த அனுபவத்தை அவர் பாலைவனத்துக்கு ஏற்றுமதி செய்தார்.

நான் மட்டும் லேசுப்பட்டவளா? இடி இடித்தால் அடைமுட்டை கூமுட்டையாகிவிடும், கூட்டில் இரும்பும் கரியும் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். பினாங்கில் பாதி நாள் சாயங்காலம் இடிக்கிறது. இங்கே அது நியாயம். லீவு முடிந்து அங்கே திரும்பிய அவளுடைய தோழியிடம் ஒரு ஆணியும் இரண்டு கரித்துண்டும் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். எண்ணெய் எடுக்கும் நாட்டில் இரும்பு கிடைக்காது பாருங்கள்.

"அம்மா, இங்க மேகமே இல்லலா. இடி எங்கேருந்து வரும்?"

"இருக்கட்டும். போட்டு வையி."

ஆணியைக் கூட்டில் போட்டாள். அப்பா சொன்னதை மட்டும் கேட்கவில்லை. கூட்டுக்கு அடியில் இருந்த மணலைத் தினமும் நனைத்தாள். வறண்ட காற்றில் முட்டைக்குள் இருக்கும் தோல் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளுமாம்.

பொரிக்கும் நாளன்று, நாங்களும் பார்க்க, வீடியோ கோலில் போனைக் கூட்டுக்கு எதிரே நிறுத்தி வைத்தாள். ஒரு முட்டையில் சின்ன ஓட்டை விழுந்தது. அப்புறம் அசைவே இல்லை.

"முட்டை ஓட்ட உரிச்சு விடும்மா" என்றார் இவர்.

"கை வெச்சா ரத்தம் வரும்பா. அதுவா வரணும். சும்மா இருங்க."

சும்மா இருந்தோம். எங்களுக்குப் பழக்கமில்லாத வேலை. குஞ்சு வராவிட்டால் மகள் வருவாள். அது தெரிந்தும், வந்துடு, வந்துடு என்று அந்த ஓட்டையைப் பார்த்துத்தான் முணுமுணுத்தேன். இவர் என்னை முறைத்தார்.

வந்தது. ஈரமாக, அசிங்கமாக, தள்ளாடிப் போய் என் ஆணியின் மேலேயே விழுந்தது. திரையில் மகள் சிரித்தாள். கோழிகள் செத்த பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவேயில்லை.

"பாத்தியா, ஆணி வேலை செஞ்சிருக்கு" என்றேன்.

"ஆமா," என்றார் இவர். "இன்னும் ரெண்டு வருஷத்துக்கு."