வளைவு தின்ற பதினொரு அங்குலம்

சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதும் எங்கள் பக்கத்துப் பஸ்களெல்லாம் கரியில் ஓடத் தொடங்கின. பஸ்ஸின் பின்னால் ஓர் இரும்பு டிரம்மைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரிப்பார்கள். அதிலிருந்து வரும் வாயு, குழாய் வழியாக வண்டிக்கு அடியில் முன்பக்கம் போய் எஞ்சினை ஓட்ட வேண்டும். தென்காசியில் நாலு பஸ் வைத்திருந்த ஒரு முதலாளி டிரம்களை வெளியூரிலிருந்து வரவழைத்துவிட்டார். வண்டிக்குத் தக்கபடி குழாயை வளைக்கும் வேலை என் வீட்டுக்காரரிடம் வந்தது.

அவர் அதுவரை மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்டுக்கொண்டிருந்தவர். ரெண்டங்குலக் குழாயை வளைத்துப் பழக்கமில்லை. குத்துக்கல்வலசையில் ஒரு தகரக் கொட்டகைதான் எங்கள் பட்டறை. துருத்தி போடுவது நான். எனக்கு அப்போது நாலாவது மாதம்.

வெறும் குழாயைக் காய்ச்சி வளைத்தால் நசுங்கிப்போகும். அதனால் உள்ளே மணலை இறுக்கி, இரண்டு வாயிலும் கட்டை அடித்து, சிவக்கக் காய்ச்சி, ஓர் இரும்புச் சக்கரத்தில் அணைத்து வளைப்பார். அது ஆனி மாதச் சாரல். சிற்றாற்று மணலில் ஈரம் போகவே இல்லை. முதல் நாளே உள்ளே ஆவி முட்டி, கட்டை தெறித்துக் கூரைத் தகரத்தைப் பொத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து மணலை வறுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. கடலை வறுப்பதுபோல் சட்டி சட்டியாக வறுத்தேன். வறுத்துவிட்டுத் துருத்தி, துருத்தியை விட்டால் அடுப்பு. தோள்பட்டை இரண்டும் என்னுடையதாகவே இல்லை.

அத்தனை பாடுபட்டும் குழாய் சேரவில்லை. ஒரு வளைவு மட்டும் இருந்தால் நுனியை அறுத்துச் சரிசெய்துவிடலாம். இரண்டு வளைவு என்றால், இரண்டாவது வளைவு மூன்று அங்குலம் தள்ளி விழுந்து பஸ்ஸின் சட்டத்தில் இடித்தது. மூன்று குழாய் வீணாகிவிட்டது. அவர் கோபத்தில் சுத்தியலைத் தூக்கி எறிந்தார்.

மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது வீணான குழாய் என் காலடியில் கிடந்தது. வளைக்கிற இடம் தெரிவதற்காக அவர் அங்குலத்துக்கு ஒன்றாக உளியால் பொட்டுக் குத்தியிருந்தார். வளைவில் அந்தப் பொட்டுகள் விலகிக் கிடந்தன.

“இங்க பாருங்க, அங்குலத்துக்கு ஒண்ணாத்தானே குத்துனிய?”

“வெளிப்பக்கம் இழுபடுதுல்லா, வெலகத்தான் செய்யும்.”

“அப்போ உள்பக்கம்?”

அவர் கஞ்சியைக் குடித்து முடித்து எழுந்தார். “எந்திரிட்டி, உலை அணையுது” என்றார்.

ஆனால் அடுத்த குழாயில் மூன்று வரிசை குத்தினார். வளைவின் வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் நடுவே ஒன்று. வளைத்து ஆறவிட்டதும் நான் தையல் நூலை வைத்து அளந்தேன். வெளிவரிசை நீண்டிருந்தது, உள்வரிசை நெருங்கியிருந்தது. நடுவரிசை மட்டும் அசையவில்லை. வளைவு முழுக்க நூல் பிடித்தது பதினொரு அங்குலம்.

“மூலை வரைக்கும் ஏழு, மூலை தாண்டி ஏழுன்னு பதினாலு விடுதிய. வளைவு பதினொண்ணுதான் தின்னுது. மிச்சம் மூணு அடுத்த வளைவத் தள்ளிக்கிட்டுப் போகுது.”

அவர் நூலை வாங்கித் தாமே அளந்து பார்த்தார். பிறகு சாக்கட்டியால் தகரச் சுவரில் எழுதினார்: முழு மூலைத் திருப்பம் பதினொண்ணு, அரைத் திருப்பம் அஞ்சரை. ஆறும்போது வளைவு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், விரிந்துகொடுத்தது. அதற்காக முன்னதாகவே கொஞ்சம் கூட்டி வளைக்கப் பழகினார். நாலு நாளில் முதல் பஸ்ஸின் குழாய் முடிந்தது.

முதலாளி வந்து பார்த்தார். சுத்தியல் தொடாமலே குழாய் போய் உட்கார்ந்தது.

“கணக்கு இவ போட்டது, மொதலாளி” என்றார் என் வீட்டுக்காரர்.

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். “நல்லா சொன்னீரு வேய்! உலைக்கு எத்தனை உழக்கு அரிசின்னு வேணா கணக்குச் சொல்லுவா.”

என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். எனக்குக் கோபம் வந்ததாக ஞாபகமில்லை. எங்காவது உட்கார வேண்டும்போல் இருந்தது. மீதி மூன்று பஸ்ஸும் காத்துக்கொண்டிருந்தன.

நாலும் முடிந்தபோது ஆடி பிறந்துவிட்டது. குற்றாலத்துக்கு எங்களை ஒருநாள் பஸ்ஸில் ஏற்றிப்போகச் சொல்லியிருந்தார் முதலாளி. சீசன் கூட்டத்தில் முண்டி, பெண்கள் பக்கம் அருவியில் நின்றேன். தண்ணீர் தோளில் அடித்ததும் வலி தாங்காமல் அழுதுவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை, எல்லார் முகத்திலும் தண்ணீர்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் ஏறினதுதான் தெரியும். அவர் தட்டி எழுப்பினார்.

“எந்திரி. நானும் தூங்கிட்டேன். ஊரு தாண்டிப் போச்சு.”

இறங்கிச் சாரலில் திரும்பி நடந்தோம். பாதி வழியில் அவர் நின்றார்.

“அந்தாளு சிரிச்சப்போ நானும் சிரிச்சிருக்கக் கூடாது” என்றார்.

“நடங்க,” என்றேன். “காலு வலிக்குது.”