மேடம் என் மெஷினை நிறுத்திய நாள்

பங்காருபேட்டையில் சட்டை தைக்கும் யூனிட்டில் வேலை செய்கிறேன். அன்று மாலைக்குள் சரக்கு போயாக வேண்டும். ஊரிகம் பக்கத்து ஆஸ்பத்திரியில் என் மகள் பிரசவ வலியில் கிடந்தாள். லீவு கேட்கப் பயந்து, யாரிடமும் சொல்லாமல் வேலைக்கு வந்துவிட்டேன். மனம் ஒரு நிலையில் இல்லை. காலர்களைத் தலைகீழாகத் தைத்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி சாந்தி மேடம் கோபமாக வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

“இன்னாக்கா, வூட்ல யாருக்கு இன்னா ஆச்சு?”

சொன்னேன்.

“காலைலயே சொல்றதுக்கு இன்னா? வாங்க, வண்டில குந்துங்க.”

ஸ்கூட்டரில் அவரே கொண்டுபோய் விட்டார். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதே, சரக்கு கேட்டிருந்தவர் மேடத்துக்குப் போன் போட்டுக் கத்தினார். “லேட்டாவும் சார். தப்பு என்னுது,” என்றார் மேடம்.

பேத்தி பிறந்தாள். சரக்கு மறுநாள்தான் போனது.

இப்போது நான் சூப்பர்வைசர். அவசர நாட்களில் எனக்கும் கோபம்தான் முதலில் வருகிறது. வெளியே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் பேசுகிறேன்.