என் வயிற்றுவலியும் ஒரு சைக்கிள் வில்லையும்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் என் வயிற்றுவலிக்கு நல்ல மதிப்பு இருந்தது. நினைத்த நேரத்தில் என்னால் அதை வரவழைக்க முடியும். கீழுதட்டைக் கடித்து, கண்ணை இடுக்கி, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தேன் என்றால் பார்க்கிறவர்கள் பதறிப்போவார்கள். இதைக் கண்டுபிடித்து எனக்குப் பழக்கிவிட்டவர் என் தாய்மாமா. எல்லாம் ஒரு சைக்கிளுக்காக.

திண்டுக்கல்லுக்குத் தெற்கே, மதுரை ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். அரை ஏக்கர் மல்லிகை, ஒரு கிணறு, இரண்டு மாடு, இவ்வளவுதான் எங்கள் சொத்து. தோட்டத்தையும் மாட்டையும் அப்பா பார்த்துக்கொள்வார். வாயைத் திறக்க வேண்டிய வேலை எதுவானாலும் மாமாவுடையது. அப்பாவுக்கு ஆபீஸ் என்ற போர்டைப் பார்த்தாலே நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். கல்யாணம் ஆகாத மாமா அக்கா வீட்டோடு இருந்தார். விடிவதற்கு முன் எல்லோருமாக அரும்பு பறிப்போம். ஈரத்துணி விரித்த கூடையில் அதை நிரப்பி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, மாமா திண்டுக்கல் பூச்சந்தைக்கு மிதிப்பார். வெயில் ஏறினால் அரும்பு விரிந்துவிடும். விரிந்த பூவுக்கு அங்கே மரியாதை கிடையாது.

அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு வருடா வருடம் வரி கட்டி வில்லை வாங்க வேண்டும். வில்லை என்பது சின்னப் பித்தளைத் தகடு. ஒரு வருடம் வட்டமாக இருக்கும், மறு வருடம் முக்கோணமாக இருக்கும். எங்கள் ஊர் சேர்ந்திருந்த பஞ்சாயத்தின் ஆபீஸில் அதைக் கொடுப்பார்கள். எந்தப் பஞ்சாயத்து என்று சொல்லப் போவதில்லை. அங்கே இன்றைக்கும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். வரி ஒன்றும் பெரிய தொகை இல்லை. அதைக் கட்டுவதுதான் பெரும்பாடு. வாரத்தில் இரண்டே நாள், அதுவும் பதினோரு மணிக்கு மேல், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போக வேண்டும். மனு எழுதுகிறவரைப் பிடித்து மனு எழுத வேண்டும். சைக்கிள் வாங்கிய ரசீது வேண்டும். எங்கள் சைக்கிள் மூன்று கை மாறி வந்தது. அதன் ரசீது யார் வீட்டுப் பரணில் கிடந்ததோ. இத்தனையும் சேர்ந்தாலும் குமாஸ்தா சீட்டில் இருக்கமாட்டார். யோக்கியமாக இருப்பது எங்கள் பக்கத்தில் அவ்வளவு செலவு பிடிக்கிற காரியம். மாமா நாலு நடை நடந்து பார்த்தார். ஐந்தாவது நடைக்குப் பதிலாக என் வயிற்றுவலியைக் கண்டுபிடித்தார்.

ரோட்டில் ஒரு புளியமரம். அதன் அடியில் பஞ்சாயத்து ஆள் ஒருவர் நின்று வில்லை இல்லாத சைக்கிள்களை மறிப்பார். அவரை நாங்கள் புளியமரத்துக்காரர் என்போம். சைக்கிளின் முன்பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்திருக்கும் மாமா, மரம் கண்ணில் பட்டதும் இரண்டு தடவை இருமுவார். அதுதான் சைகை. நான் சாய்ந்துவிடுவேன்.

“ஐயா, புள்ளைக்கு வவுத்து வலி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்பார் மாமா.

பின்னால் பூக்கூடை ஊரையே தூக்குகிற மாதிரி மணந்துகொண்டிருக்கும். வயிற்றுவலிக்காரி எதற்கு இத்தனை பூவோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று புளியமரத்துக்காரர் ஒருநாளும் கேட்டதில்லை. மாமா வாழையிலையில் மடித்த சின்னப் பூப்பொட்டலம் ஒன்றை அவர் கையில் வைப்பார். அவருடைய வீட்டுக்காரி தலைக்கு என்று நான் நினைத்துக்கொள்வேன். “பாத்துக் கூட்டிட்டுப் போப்பா” என்று அவர் வழிவிடுவார். பூவை விற்றுவிட்டுத் திரும்பும்போது காபி கிளப்பில் எனக்கு இரண்டு பூரி உண்டு. லீவு நாட்களில் மட்டும்தான் நான் போவேன். நான் போகாத நாட்களில் மாமா எப்படிச் சமாளிக்கிறார் என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு கோடை லீவில், வைகாசி மாதம், எங்கள் கமலைச் சால் கிழிந்தது. மாட்டைப் பூட்டிக் கிணற்றுத் தண்ணீரை மேலே இழுக்கிற தோல் சால் அது. அப்பா ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டும், மேலே வந்து சேர்வதற்குள் பாதித் தண்ணீர் கிணற்றிலேயே கொட்டிவிடும். புதுச் சால் வாங்காவிட்டால் ஆனிக்குள் தோட்டம் கருகிப்போகும். வெள்ளிக்கிழமை பெரிய முகூர்த்தம். அன்றைய பூவை விற்றுச் சால் வாங்கிவிடலாம் என்று அம்மா விரல்விட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை புளியமரத்தடியில் ஒரு புது ஆள் நின்றார். மாமா இருமினார். நான் சாய்ந்தேன். அன்றைக்கு முனகல்கூடச் சேர்த்துக்கொண்டேன். புது ஆள் என்னையும் பார்த்தார், கூடையையும் பார்த்தார், பொட்டலத்தையும் பார்த்தார். பொட்டலத்தை மாமா கையிலேயே திருப்பி வைத்தார்.

“புள்ளைய பஸ்ல கூட்டிட்டுப் போங்க, நானே நிப்பாட்டி விடுறேன். சைக்கிள் இங்கன நிக்கட்டும். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஆபீசுக்கு வாங்க. வில்லைய அடிச்சு வண்டியக் குடுத்துருவாங்க.”

ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். சொன்னபடியே பஸ்ஸை நிறுத்தி, கூடையை மேலே ஏற்றவும் கை கொடுத்தார். ஆனால் பஸ் வருவதற்குள் வெயில் வந்துவிட்டது. சந்தையில் இறக்கியபோது கூடைக்குள் பாதி அரும்பு சிரித்துக்கொண்டிருந்தது. மாலை கட்டுகிற ஒருவர் போனால் போகிறது என்று எடுத்துக்கொண்டார். அன்று பூரி இல்லை. என் நடிப்பில்தான் எங்கோ குறை வந்துவிட்டது என்று பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகத் திரும்பி அழுதேன்.

வீட்டில் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். “ஆறு மணிக்கு எந்த ஊர்லடா ஆபீஸ் தொறப்பான்? ஒன்னயக் கேலி பண்ணியிருக்கான்டா தம்பி” என்றாள். ஆறு மணிக்கே வில்லை தருவதாகப் பத்து நாளைக்கு முன்பு ஊரில் தண்டோரா போட்டதென்னவோ உண்மை. மாமா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வந்தவர். பிடிபட்ட சைக்கிள் ஒரு வாரத்துக்குக் குறைந்து வெளியே வந்ததில்லை என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைப் பூவை யார் கொண்டுபோவது? அப்பா போய் அந்த ஓட்டைச் சாலுக்கு இன்னொரு ஒட்டுப் போட உட்கார்ந்தார். அன்று அவர் முதுகைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. எப்படியாவது நாளைக்கு நன்றாக வலிக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் மாமா ஆயத்தங்களோடு நடந்தே கிளம்பினார். ஒரு பெரிய பூசணிக்காய், ஒரு கட்டு முருங்கைக்காய், இலைப்பொட்டலத்தில் பூ. இவற்றுக்கு மேல் நான். என் முகம் வாடித் தெரிய வேண்டும் என்று காலையில் எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. “ஏத்தா, இன்னைக்கு ஒன் கையிலதான் இருக்கு” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு குடும்பத்தின் பாரம் தலையில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பசி வேறு.

ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு மேசை கிடந்தது. மேசைக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு மனிதர் இடது கையால் எழுதிக்கொண்டிருந்தார். புதிதாக மாற்றலாகி வந்த ஆபீசர் அவர் என்று வரிசையில் நின்றவர்கள் சொன்னார்கள். பக்கத்தில் பியூன் சுத்தியலும் குறடும் வைத்துக்கொண்டு தரையில் குந்தியிருந்தார். மரத்தில் ஒரு போர்டு. வில்லைக்கு எவ்வளவு, அபராதத்துக்கு எவ்வளவு என்று கொட்டை எழுத்தில் தமிழில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, மனு வேண்டாம், ரசீது இல்லாதவர்கள் இரண்டு பேர் சாட்சி சொன்னால் போதும் என்றும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியிருந்த நான் அதை மாமாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். மாமா நம்பவில்லை. போர்டில் எழுதாதது இன்னும் நிறைய இருக்கும் என்று காதோடு சொன்னார்.

எங்கள் முறை வந்தது. மாமா இருமினார். நான் என் வாழ்நாளில் அதுவரை காட்டாத வலியைக் காட்டினேன். வெறும் வயிறும் ஒத்தாசை செய்தது. ஆபீசர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“புள்ளைய ஏன்யா நிப்பாட்டி வச்சிருக்கீங்க? அந்த பெஞ்சுல உக்கார வைங்க” என்றவர், எதிர்வீட்டிலிருந்து உப்புப் போட்ட மோர் வாங்கிவரச் சொல்லி ஆபீஸ் காவலாளியை அனுப்பினார். பிறகு பழையபடி எழுத ஆரம்பித்தார். பெயர் என்ன, ஊர் என்ன, வண்டி உங்களுடையதுதான் என்று சொல்ல ஆள் உண்டா?

பின்னால் நின்ற பால்காரர், கத்தரிக்காய் மூட்டைக்காரர் இரண்டு பேரும் ஒரே குரலில், “தெனமும் இதுலதான்யா பூக்கொண்டு போறாரு” என்றார்கள். ஆபீசர் ரசீது கிழித்தார். பியூன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நாலு தட்டில் வில்லையை முடுக்கினார். எனக்கு மோர் வந்து சேர்வதற்குள் மாமாவின் வேலை முடிந்துவிட்டது.

மாமா நகரவில்லை. “அம்புட்டுத்தானாய்யா?” என்று கேட்டார். அம்புட்டுத்தான் என்றார் ஆபீசர். மாமா பூசணிக்காயை மெல்ல மேசைமேல் ஏற்றினார். “இதையும் சேத்துத் தூக்கிட்டுப் போனாத்தான் அம்புட்டும் முடியும். பின்னாடி ஆள் நிக்குது பாருங்க” என்று ஆபீசர் ரசீதுப் புத்தகத்தைப் பூசணிக்காய்க்கு அந்தப் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டார். வரிசையில் சிரிப்பு கிளம்பியது. வாய்க்குப் பேர்போன மாமா பூசணிக்காயைத் திரும்பத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

நான் மோரைக் குடித்து முடிப்பதற்குள் பால்காரருக்கும் கத்தரிக்காய்க்காரருக்கும்கூட வில்லை கிடைத்து அவர்கள் புறப்பட்டுப் போனார்கள். அவர்களோடு வயிற்றுவலிக்காரப் பிள்ளை யாரும் வரவில்லை. என் வலியின் புண்ணியத்தில் அவர்களுக்கும் சேர்த்து நடந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் நிற்க அவர்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பூ நேரத்தோடு சந்தைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை புதுச் சால் வந்தது. முதல் இறைப்பில் அது நிரம்பி வழிந்துகொண்டு மேலே வந்ததைப் பார்த்து அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பூசணிக்காயை அம்மா இரண்டு நாள் குழம்பு வைத்தாள். கொடுக்கப் போன லஞ்சத்தை நாங்களே சாப்பிட்டோம், ருசியாகத்தான் இருந்தது. புளியமரத்தடியில் நிற்கிறவர் வில்லையைப் பார்த்துத் தலையசைத்து அனுப்பினார். கொஞ்ச நாளில் எல்லாச் சைக்கிளிலும் வில்லை ஏறிவிட்டதால் அங்கே யாரும் நிற்பதும் இல்லை. முன்பாரில் எனக்கும் வேலை இல்லாமல் போயிற்று. பூரியும் போயிற்று. அதற்காக அந்த ஆபீசர்மேல் எனக்கு வருத்தம்தான்.

எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, மாமா ஒருநாள் பேச்சுவாக்கில் அந்த இலைப்பொட்டலங்களைப் பற்றிச் சொன்னார். பூவுக்கு அடியில் காசு இருக்குமாம். “நீ இல்லாட்டியும் விட்டுருப்பான். நீ இருந்தா, கேக்குறவங்களுக்குச் சொல்ல அவனுக்கும் ஒரு காரணம் ஆச்சு” என்று சிரித்தார். அத்தனை வருடம் நான் கட்டிக் காத்த பெருமை அந்த ஒரு பேச்சில் போய்விட்டது. ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. வேப்பமரத்தடி மனிதர்தான் நினைவுக்கு வந்தார்.

அப்போது நானே ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு மேசையை உள்ளேயிருந்து வாசலுக்குக் கொண்டுவர எத்தனை பேருடைய முகச்சுளிப்பைத் தாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மனு எழுதுகிறவருக்குப் பிழைப்புப் போகும். சீட்டில் இல்லாத குமாஸ்தா இனி சீட்டில் இருந்தாக வேண்டும். எல்லோரையும் பகைத்துக்கொண்டு, பூக்காரனும் பால்காரனும் கடந்துபோகிற ஆறு மணிக்கு எழுந்து வந்து உட்கார்ந்தாரே, அந்தப் புண்ணியவானை நினைத்தால் இப்போதும் என் கை தன்னால் குவிகிறது. எங்கள் தோட்டம் கருகாமல் நின்றது அவரால். மாமா பொய் சொல்லாமல் ரோட்டில் போனதும் அவரால்.

அவரை நான் இன்னொரு தடவைதான் பார்த்தேன். எங்களுக்கு வில்லை கொடுத்த அதே வருடம், நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, அவர் எங்கள் ஊர் வழியாகச் சைக்கிளில் வந்தார். அதிலும் வில்லை இருந்தது. என்னை அடையாளம் கண்டு காலை ஊன்றி நின்றார்.

“என்ன தாயி, வவுத்து வலி சரியாப்போச்சா?”

“இப்ப இல்ல. ஆனா யாருக்காச்சும் வில்லை வேணும்னா சொல்லுங்க, வாரேன்” என்றேன்.

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். “இனிமே யாருக்கும் வவுத்து வலி வேண்டியிருக்காது தாயி” என்று சொல்லிவிட்டு மிதித்துப் போனார்.

அன்றைக்கு ஆபீஸில் அத்தனை பேர் வேலையும் நடந்தது என்னால்தானே! இவ்வளவு செய்தும் ஒரு வார்த்தை நன்றி சொல்லத் தெரியவில்லையே இந்த மனிதருக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே வீடுவரை நடந்தேன்.