கலீனா காட்டிய மூன்று விரல்

விஜயலெட்சுமியை நான் வேலைக்கு வைத்தது அறைகளைக் கூட்டுவதற்குத்தான், ரஷ்ய மொழி படிப்பதற்கு அல்ல. இலங்கை மலைநாட்டில், எல்ல என்ற ஊரில் இருக்கும் என் விடுதியின் மூன்றாம் அறையில் கலீனா என்ற ரஷ்ய அம்மா ஐந்து மாதமாகத் தங்கியிருந்தார். எழுபது வயது, தனி ஆள். மத்தியானமானால் மடிக்கணினியில் ஒரு வினாவிடை நிகழ்ச்சி பார்ப்பார். வேறு நாட்டு நிகழ்ச்சியை ரஷ்யர்கள் தங்கள் மொழிக்கு மாற்றிக்கொண்டது. ஒரு கேள்வி, நாலு பதில். போட்டிக்கு வந்தவர் ஒன்றைச் சொன்னாலும் நடத்துபவர் உடனே ஏற்கமாட்டார். இதுதான் முடிவான பதிலா என்று மறுபடி கேட்பார்.

முதலில் விளக்குமாற்றோடு வாசலில் நின்று பார்த்த விஜயலெட்சுமி, பிறகு உள்ளே போய் உட்கார்ந்தே பார்க்க ஆரம்பித்தாள். கலீனா ஒவ்வொரு சொல்லையும் தொட்டுக்காட்டிச் சொல்லிக்கொடுப்பார். எத்தனையாவது பதில் என்று இரண்டு பேரும் விரல் காட்டிப் போட்டி போடுவார்கள். எனக்கு எரிச்சல் வரும்.

"ரஷ்யாவுக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போறீங்களோ?" என்று ஒருநாள் அவளைக் கேட்டேன்.

"இல்லைங்க முதலாளி. பதில் சொன்ன பொறகும் இன்னொருக்கா கேக்குறாங்க பாருங்க, அதுதான் எனக்குப் புடிச்சிருக்கு."

அவள் புருஷன் மாரிசாமி செத்து ஏழு வருஷம். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

போன பங்குனியில் ஒரு காலை, கலீனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் சாய்ந்துவிட்டார். விஜயலெட்சுமியையும் ஏற்றிக்கொண்டு வேனைத் தெமோதரை வழியாகப் பதுளைக்கு விரட்டினேன். ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியர் ஒருவர், தமிழ்ப் பெண், பரிசோதித்துவிட்டு மாரடைப்பு என்றார்.

"ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசி போடப் போறம். ஆனா உடம்புல எங்கயாவது ரத்தக்கசிவு இருந்தா அந்த ஊசியே ஆளக் கொன்னுரும். அப்பிடி ஏதும் இருந்திச்சா?"

போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து கலீனாவின் வாயருகே நீட்டிப் பார்த்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு அவர் முனகியது அதற்குப் புரியவில்லை. நோயாளியைக் கேட்டால் கூடப்போனவர் பதில் சொல்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். வைத்தியரைக் காக்கவைப்பது மரியாதை இல்லை என்று பயம்.

"ஒண்டும் இல்ல டொக்டர். நல்லாத்தான் இருந்தாங்க" என்றேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

தாதி ஊசியை எடுத்தார்.

"முதலாளி, நீங்க சொல்லாதீங்க." விஜயலெட்சுமி அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "அவங்களையே கேப்போம்."

கட்டிலருகே குனிந்தாள். இரத்தம் என்பதற்கு ரஷ்யச் சொல்லைச் சொன்னாள். ஒரு விரலை நீட்டித் தலையைத் தொட்டாள். இரண்டாவதற்கு மூக்கு. மூன்றாவதற்கு வயிறு. நாலாவது விரலுக்கு, இல்லை என்று தலையை ஆட்டினாள். பின் காத்திருந்தாள். எனக்கு அந்த நேரம் நகரவே இல்லை.

கலீனா மூன்று விரல்களைத் தூக்கினார்.

"அகன்ச்சாத்தில்னி?" என்று கேட்டாள். முடிவானதா என்று அர்த்தம். நிகழ்ச்சியில் தினமும் கேட்ட அதே சொல்.

திரும்பவும் மூன்று விரல். கூடவே ஏதோ முணுமுணுத்தார். எனக்குப் புரியாதது அவளுக்குப் புரிந்தது.

"வயித்துல இருந்து ரத்தம் போகுதாம் டொக்டர். நேத்தும் போச்சாம்."

வைத்தியர் ஊசியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். அன்றைக்கே வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, இரத்தக்குழாய் வழியாகவே அடைப்பை எடுத்தார்கள். கலீனா பிழைத்தார். என் வாயால் செத்திருக்க வேண்டியவர்.

அம்புலன்ஸ் போனபின் நாங்கள் இருவரும் நடைபாதையோர மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலிச்சப்ப தோட்டத்து டிஸ்பென்சரிக்குத்தான் கூட்டிட்டுப் போனேங்க. என்ன செய்யுதுன்னு மருந்து குடுக்கிற ஐயா அவரத்தான் கேட்டாரு. நான் முந்திக்கிட்டு, வாயுக்குத்துங்கன்னு சொல்லிட்டேன். மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க."

தேத்தண்ணிக் கோப்பையைப் பக்கத்தில் வைத்தாள்.

"அவரு என்னத்தையோ சொல்ல வாயத் தொறந்தாருங்க முதலாளி. இன்னொருக்கா யாரும் கேக்கல. நானும் கேக்கல."