பூமணி ரீச்சரின் நோஞ்சான் மரம்

பின் பல்கனியில் நின்று, தடுப்புக் கம்பியில் குவிந்திருந்த பனியைக் கையுறையால் வழித்து இரண்டு தொட்டிகளின் மேலும் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பின்கதவு திறந்தது. பூமணி ரீச்சரின் கணவர் செல்வா அண்ணை வெளியே வந்தார். மேலே கோட் இல்லை, காலில் வீட்டுச் செருப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். "மனோ, பூமணி எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றார். பிறகு ரீச்சரின் மரம் நின்ற தொட்டியைப் பார்த்து, "இது உயிரோடை இருக்கோ?" என்று கேட்டார். "மே மாதம் வரைக்கும் ஒண்டும் சொல்ல ஏலாது அண்ணை" என்றேன். அவரை உள்ளே கூட்டிப்போய் இருத்தித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

ரீச்சரைப் பற்றிப் பள்ளிக்கூட மலருக்கு எழுதித் தரும்படி என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவர் பாலர்களுக்கும் நான் பெரிய பிள்ளைகளுக்கும் படிப்பித்தோம். கெபெக்கில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரே கட்டடத்தில், மூன்றாம் மாடியில், அடுத்தடுத்த வீடு. ஆகவே பொருத்தமானவள் என்று நினைத்திருப்பார்கள். ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பூமணி ரீச்சரில் பொறாமை. கொஞ்ச நஞ்சப் பொறாமை இல்லை. செத்தவீட்டு மண்டபத்தில் இருக்க இடமில்லாமல் சனம் படிக்கட்டுவரை நின்றது. இத்தனை பேர் எனக்கு வருவார்களா என்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே யோசித்தேன். மாட்டார்கள். அது எனக்கும் தெரியும், இதை வாசிக்கிற உங்களுக்கும் தெரியும்.

என் வகுப்பில் லகர ளகரம் பிழைத்தால் திரும்ப எழுதவேண்டும். அவருடைய வகுப்பில் ஒரு பொடியன் எழும்பி, "நான் எக்கோலுக்குப் போனது, அங்கை அமிகளோடை விளையாடினது" என்பான். பள்ளிக்கூடமும் கூட்டாளிகளும் அவன் வாயில் பிரெஞ்சில்தான் வரும். ரீச்சர் கை தட்டுவார். "இது தமிழே ரீச்சர்?" என்று ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் கேட்டேவிட்டேன். "வாய் திறந்திட்டுதெல்லே மனோ. பேந்து திருத்துவம்" என்றார். அந்தப் பேந்து, அந்தப் பிறகு, ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் எங்கள் மாடிக்கு ஏறி வந்தால் என் கதவைத் தாண்டிப்போய் அவருடைய கதவைத்தான் தட்டுவார்கள். தட்டுகிற சத்தம் எனக்கு உள்ளே கேட்கும். மனிதருக்கு எரியாமல் என்ன செய்யும்?

இனி மரத்துக்கு வருகிறேன். பிரெஞ்சு பழகவென்று நாங்கள் இருவரும் ஒரு மாலை வகுப்புக்குப் போய்வந்தோம். படிப்பித்தவர் லூசி என்ற கெபெக் பெண்மணி. வேலை முடிந்து களைத்து வருகிற எங்களைக் கதிரையில் இருத்தி இலக்கணம் சொன்னால் கொட்டாவிதான் வருகிறது என்று கண்டு, ஆளுக்கொரு கன்றைக் கையில் தந்துவிட்டார். தொட்டியிலே குட்டி மரம் வளர்க்கிற போன்சாய். கையால் வேலை செய்துகொண்டு கதைத்தால் மொழி ஒட்டிக்கொள்ளும் என்பது அவருடைய எண்ணம். கன்றின் பெயர் லார்ச், பிரெஞ்சில் மெலேஸ். பைன் மரம்போல ஊசி இலை, ஆனால் பைன்போலக் குளிர்காலத்தில் பச்சையாய் நிற்காது. இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டி, வெறும் குச்சியாய் நித்திரை கொள்ளும். எனக்கும் ரீச்சருக்கும் ஒரே தட்டிலிருந்து எடுத்த கன்றுகள். ஒரே உயரம். "பேரிலையே லேசு இருக்குது மனோ, எங்களுக்கு ஏலும்" என்றார் ரீச்சர்.

பனி விழப்போகிற காலம் வந்ததும், கன்றை எங்கே வைப்பது என்று ரீச்சர் வகுப்பில் கேட்டார். பிரெஞ்சு வராததால் முழுக்க அபிநயம். ஜன்னலைக் காட்டி, ஹீற்றரைக் காட்டி, உடம்பை ஒடுக்கி நடுங்கிக் காட்டி, உள்ளே வைக்கலாமோ என்று கேட்டார். லூசி தலையை ஆட்டி, "பா துதான், பா துதான்" என்றார். உள்ளே வேண்டாம் என்பது அதன் பொருள். ரீச்சரின் காதில் விழுந்ததோ நல்ல தமிழ்: 'பார், அதுதான்.' லூசி தலையாட்டிய விதமும் எங்கள் ஆட்கள் ஓம் என்று ஆட்டுவதுபோலத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பஸ்ஸில் வரும்போது, வெளியில்தான் விடவேண்டும் என்று நான் சொன்னேன். "லூசியே அதுதான் எண்டு சொல்லிப்போட்டா. இந்தக் குளிருக்கை பச்சைமண்ணை ஆர் வெளியிலை விடுவினம்? நெஞ்சிலை ஈரம் இல்லையோ உங்களுக்கு?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

அந்தக் குளிர்காலத்தை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். என்னுடைய கன்று பல்கனிப் பனிக்குள் விளக்குமாற்று ஈர்க்குப்போல நின்றது. அவருடையது ஹீற்றருக்குப் பக்கத்தில் சொகுசாய் இருந்து, தைப்பொங்கல் அன்றைக்குப் பச்சைப் பசேலென்று குருத்து விட்டது. வெளியே ஊரெல்லாம் வெள்ளை, ரீச்சர் வீட்டு ஜன்னலில் பச்சை. பொங்கலுக்கு வந்த சனம் பொங்கலைத் தின்ன மறந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. சிகரெற் குடிக்க என் பல்கனிப் பக்கம் வந்த ஒருவர், குடித்து முடித்ததை என் தொட்டிக்குள் குத்தி அணைத்தார். அதற்குள் ஒரு மரம் இருப்பது அவருக்குத் தெரியவில்லையாம். சரியாகச் செய்தவள் நான். சபாஷ் அங்கே.

வசந்தம் வரட்டும், அப்போது தெரியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வந்தது. என் மரம் கொம்பு முழுக்கப் பச்சைக் குஞ்சம் குஞ்சமாய் விட்டது. குளிரில் நித்திரை கொள்ளாத அவருடைய மரம் களைத்துப்போய், வந்த இலையெல்லாம் சோர்ந்து விழுந்தது. இனியாவது என் பக்கம் வருவார்கள் என்று பார்த்தேன். என்ன நடந்தது தெரியுமா? முன்னரைவிடக் கூடச் சனம் வந்தது, அந்த நோஞ்சானைச் சுகம் விசாரிக்க. ஒருவர் மீன் கழுவின தண்ணீர் கொண்டுவந்தார். ஒருவர் தேயிலைச் சக்கை, ஒருவர் முட்டைக்கோது. வேலைக்குப் போகிற வழியில் கோயில் திருநீற்றைக் கொண்டுவந்து பூசிவிட்டுப் போனவரும் உண்டு. ரீச்சர் எல்லாவற்றையும் வாங்கி எல்லாவற்றையும் ஊற்றினார். ஒருவருடைய மனமும் நோகக் கூடாதாம்.

கடைசியில் அந்த நோஞ்சானைப் பார்க்க லூசியே எங்கள் மூன்று மாடியும் ஏறி வந்தார். சேறாய்க் கிடந்த மண்ணைக் கிளறி மூக்கைச் சுளித்தார். உள்ளே வைக்கச் சொன்னது நீங்கள்தானே என்று ரீச்சர் கேட்க, இல்லை என்று அவர் சொல்ல, பார் அதுதான் என்று இவர் சொல்லிக்காட்ட, விஷயம் அப்போதுதான் வெளிச்சமானது. லூசி நிலத்தில் குந்தியிருந்து சிரித்தார். ரீச்சர் அவரைவிடச் சிரித்தார். பிறகு பாடம் நடந்தது. மரத்துக்கு வெயில் வேண்டும், காற்று வேண்டும். தண்ணீர் வடிந்து ஓடவேண்டும். மேல்மண் காயத் தொடங்கினால்தான் மறுபடி ஊற்றலாம். தேறும்வரை உரம் கிட்டவும் போகக் கூடாது. ரீச்சர் இதை மாடியெல்லாம் போய்த் தன் பாஷையில் அறிவித்தார்: "சாப்பிட ஏலாத பிள்ளைக்கு வாயிலை தீத்தக் கூடாதாம்." அந்தக் கோடை முழுக்கக் காலையில் அவர் விரலை மண்ணில் வைத்துப் பார்ப்பதை நான் என் பக்கத்துப் பல்கனியில் இருந்து பார்த்தேன். இலை கொஞ்சம் பிடித்தது. அதிகம் இல்லை.

இலையுதிர்காலத்தில் அந்தக் கொஞ்ச இலையும் பொன்னிறமாகிக் கொட்டியது. ரீச்சரின் உடம்பில் இருந்த வருத்தமும் அப்போதுதான் ஆஸ்பத்திரியில் பிடிபட்டது. ஒருநாள் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கி, பல்கனித் தடுப்புக்கு மேலால் என்னிடம் நீட்டினார். "உங்கடை பக்கம் இருக்கட்டும் மனோ. என்ரை பக்கம் இருந்தா நான் மனம் கேளாமல் உள்ளுக்கை தூக்கிப்போடுவன். இதை வெளியிலை விட்டிட்டு நித்திரை கொள்ள உங்களாலைதான் ஏலும்." எனக்குச் சுரீரென்றது. புகழ்கிறாரா, பழிக்கிறாரா என்று அவருடைய முகத்தைப் பார்த்தேன். இரண்டும் இல்லை. உள்ளதைச் சொன்னார். வாங்கி வைத்தேன். அன்றிலிருந்து எனக்கு நித்திரை போய்விட்டது. என்னுடையது தப்பி அவருடையது செத்தால் இந்த ஊர் என்ன சொல்லும்? பொறாமை பிடித்தவள் குளிரில் விட்டுக் கொன்றுவிட்டாள் என்றுதானே?

இந்த ஜனவரியில் ஐஸ் மழை கொட்டி நகரமே கரண்ட் இல்லாமல் கிடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ரீச்சர் அப்போது கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஆஸ்பத்திரியில். இரண்டு மரங்களும் கண்ணாடிக்குள் வைத்ததுபோல ஐஸுக்குள் நின்றன. என்னுடையதை ஒருவரும் கவனிக்கவில்லை. அவருடையதைக் காப்பாற்ற மாடி முழுக்கத் திரண்டு வந்தது. உள்ளுக்கை எடுங்கோ, கொம்பு முறியப்போகுது, ஐஸைத் தட்டி விடுங்கோ என்று ஆளுக்கொரு கதை. தட்டினால்தான் முறியும், தானாய்க் கரையவேண்டும் என்று கதவை மறித்து நின்றேன். "உங்களுக்கு அந்த மனுசியிலை என்ன கோபம்?" என்று ஒரு குரல் கேட்டது. எனக்குக் கண் கலங்கிப்போயிற்று. அந்த நேரம் பார்த்து ரெலிபோன் அடித்தது. ரீச்சர்தான். "உள்ளுக்கை எடுக்கச் சொல்லீனம் ரீச்சர். என்ன செய்ய?" என்று கேட்டேன். ரீச்சர் மெல்லச் சிரித்து, "பா துதான் எண்டு சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். எல்லாரும் கலைந்து போனார்கள். நான் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காத சனம், ஆஸ்பத்திரியில் கிடந்தவர் சொன்ன ஒரு சொல்லுக்குக் கேட்டது. அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

கடைசியாய்ப் போய்ப் பார்த்தபோது தன் வருத்தத்தைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. மரம் என்ன மாதிரி என்று கேட்டார். நித்திரை என்றேன். "பச்சை வந்தால் முதல் எனக்குச் சொல்லோணும். எல்லாருக்கும் சொல்லிப்போட்டு எனக்குச் சொல்லக் கூடாது" என்றார். ஓம் என்றேன். அதற்குப் பிறகு செல்வா அண்ணை செருப்போடு பல்கனிக்கு வந்த நாள்தான்.

இப்போது மே மாதம். என் மரம் போன வருடத்தைவிட நன்றாக இருக்கிறது. கொம்பெல்லாம் பச்சை, சும்மா சொல்லக் கூடாது, கண்ணூறு படும். அவருடையது வெகுநாள் வெறும் குச்சியாய் நின்றது. உயிர் இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்க்கவும் எனக்குப் பயம். போன கிழமை ஒருநாள் காலையில் கீழ்க்கொம்பில் ஒரு குஞ்சம் தெரிந்தது, பயற்றங்கொட்டை அளவு. நேரே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். செல்வா அண்ணை திறந்தார். அப்போதுதான் யாருக்குச் சொல்ல வந்தேன் என்பது எனக்கு உறைத்தது. அவரிடம் சொன்னேன். அவர் உள்ளே போய்ச் சுவரில் இருந்த ரீச்சரின் படத்தைப் பார்த்தபடி நின்றார். முதலில் அவவுக்குத்தான் சொன்னோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மரம் இனி என்னோடுதான். செல்வா அண்ணை அப்படித்தான் சொன்னார். காலையில் மண்ணில் விரல் வைத்துப் பார்க்கிற அவருடைய பழக்கமும் என்னிடம் ஒட்டிக்கொண்டது. பொறாமையும் இருக்கிறது, அதை நான் ஒருவருக்கும் கொடுப்பதாய் இல்லை. பாலர் வகுப்புப் பிள்ளைகள் இப்போது என் கதவைத் தட்டுகிறார்கள். எனக்காக வருகிறார்கள் என்று நினைக்கவேண்டாம். நேரே பல்கனிக்கு ஓடி, "பூ ரீச்சற்றை மரம் எது?" என்று கேட்கிறார்கள். "பார், அதுதான்" என்று கையைக் காட்டுகிறேன். அந்த ஒரு குஞ்சத்தைச் சுற்றிக் குந்திவிடுகிறார்கள். பக்கத்தில் என் மரம் கொள்ளைப் பச்சையாய் நிற்கிறது. அதை ஒருவரும் பார்ப்பதில்லை. நானும்தான்.