பீலிக்ஸின் அழுக்குப்படாத சப்பாத்து

பாலை மணந்து பார்க்காமல் பேர்பெச்சுவா தேநீர் போடமாட்டாள். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் துப்புரவு வேலை. பூட்டிய கதவையும் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். மன்னாரில் தனக்கு இந்தக் குணம் இருக்கவில்லை, இங்கே அகதி முகாமில்தான் தொற்றியது என்பாள். கணவர் பீலிக்ஸ் அதை மட்டும் நம்புவதில்லை.

இப்போது அவளுடைய சந்தேகம் முழுவதும் பீலிக்ஸின் சப்பாத்தின் மேல்.

மகள் பிறின்சிக்குக் குறைமாதத்தில் பிறந்த குழந்தை ஆசுபத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தது. "ஒரு அடியும் வாகனம் ஏறாமல் நடந்தே வாறம், பிள்ளையைத் தாரும் தாயே" என்று மன்னார் மடுக் கோயில் மாதாவிடம் இருவருக்கும் சேர்த்து நேர்ந்தவள் பேர்பெச்சுவாதான். மடுவுக்கு இங்கிருந்து நடக்க முடியாது; அதனால் கொப்லென்ஸிலிருந்து மோசல் ஆற்றோரமாக ட்ரியரில் உள்ள புனித மத்தியாவின் கல்லறை வரை போகும் பழைய யாத்திரைப் பாதையில் நடந்தார்கள். வழிகாட்டும் மஞ்சள் சிப்பி அடையாளத்தைக்கூட, எந்த விசரன் திருப்பி வைத்தானோ என்று தொலைபேசியோடு ஒத்துப் பார்த்தே நடந்தாள்.

"நீர் முன்னுக்குப் போம், எனக்கு முழங்கால் பிடிக்குது" என்று பீலிக்ஸ் ஒவ்வொரு நாளும் பின்தங்கினார். ஒருநாள் நல்ல மழை. அவளுடைய சப்பாத்தில் கணுக்கால் வரை சேறு. வெகு நேரம் கழித்து வந்தவரின் சப்பாத்தோ பளபளவென்றிருந்தது.

"இஞ்சாருங்கோ, சேத்துக்குள்ளாலதானே வந்தனீங்கள்?"

"ஓம். துடைச்சனான்."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்த மனிதர் சப்பாத்துத் துடைத்து அவள் கண்டதில்லை. அக்கரையில் சிவப்பு ரயில் ஒன்று ஊர்ந்து போனது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. படுக்கும்போதும் குளிருது என்று காலுறையைக் கழற்றவில்லையே, டிக்கெட்டை அதற்குள்தான் ஒளித்திருக்கிறாரோ?

மற்றதெல்லாம் போகட்டும், பேத்தியின் உயிரிலுமா சுத்துமாத்து? வழியிலிருந்த சிற்றாலயத்தில் முழந்தாளிட்டு, "அவர் ரயில் ஏறினதைப் பிள்ளையின்ரை தலையிலை போட்டுடாதேயும் தாயே" என்று அழுதாள்.

மறுநாள் கையும் களவுமாகப் பிடிக்கத் தீர்மானித்தாள். திராட்சைத் தோட்டச் சரிவில் பாதை வளையும் இடத்தில், கொடிகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டாள்.

பீலிக்ஸ் வந்தார். நடந்துதான் வந்தார். சப்பாத்து இரண்டும் கழுத்தில் தொங்கின. கூரான சிலேட்டுக் கற்சில்லுகளின் மேல் வெறுங்காலோடு, உதட்டைக் கடித்தபடி அடி வைத்தார்.

"உங்களுக்கென்ன விசரே! சீனி வருத்தக்காரன் வெறுங்காலோடை நடக்கிறதோ? காலை எடுத்துப்போடுவாங்கள்!"

அவர் திடுக்கிட்டு நின்றார். "மடுவுக்கு நேர்த்தி வைச்சு ஆர் சப்பாத்தோடை போனது? இதையும் நான் சேர்த்து நேர்ந்தனான். சொன்னால் விடமாட்டீர்."

அவரைத் தோட்டத்துக் கல்மதிலில் இருத்தி, காலை மடியில் தூக்கி வைத்தாள். குதிக்காலில் வெட்டுக் காயம். வெட்கத்திலும் பயத்திலும் அவளுக்கு அழுகை வந்தது. தண்ணீரால் கழுவி, பிளாஸ்டர் ஒட்டி, காலுறையையும் சப்பாத்தையும் மாட்டினாள்.

"நேர்த்தியை முறிக்க ஏலாதப்பா."

"முறியாது. மிச்சத்தை நான் நடக்கிறன்." தன் சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் போட்டாள்.

பீலிக்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வளைவு தாண்டினதும் போடமாட்டீரெண்டு என்ன நிச்சயம்?"

"பின்னாலை வந்து பாருங்கோவன்."

முதல் கல்லே சுள்ளென்று குத்தியது. பின்னால் அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டது. பேர்பெச்சுவா ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை.