வெட்டிய ஓரங்களில் சவரி

சவரிமுத்து இறந்துவிட்டார் என்று அவருடைய தங்கை தொலைபேசியில் சொன்னபோது, கடையில் அவருடைய கணினி இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. கினிகத்தேனையில் எடுத்த ஒரு கல்யாண வீடியோவை வெட்டி முடித்து, முழுப் படமாக உருவாகட்டும் என்று ஓடவிட்டு, முந்தைய நாள் மாலை ரயிலில் வட்டகொடையிலுள்ள வீட்டுக்குப் போயிருந்தார். எங்கள் கணினி வயதானது. விடிந்த பிறகும் கொஞ்சம் வேலையை மிச்சம் வைக்கும். திரையில் பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தபடியே தங்கை சொன்னதைக் கேட்டேன். மாரடைப்பாம். வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். நான் கணினியை நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் கைவைக்கக் கூடாது என்பது சவரியின் சட்டம்.

ஹட்டனில் நான் நடத்தும் ஸ்டூடியோவில் சவரி நெடுங்காலம் வீடியோ எடுத்தார். எடுத்ததை அவரே வெட்டி ஒட்டினார். தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் ஸ்டூடியோ வைத்திருக்கிற உங்களில் பலருக்கு அவரைக் குரலாகத்தான் தெரியும். கணினி முரண்டு பிடித்தால் அவருக்குத்தானே அழைப்பீர்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

செத்தவரைப் புகழ்வதற்காக ஆளையே மாற்றிவிடக் கூடாது. சவரி சொன்ன நாளில் ஒரு வேலையையும் முடித்துக் கொடுத்ததில்லை. கீபோர்டுக்கு மேலேயே ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிடுவார். வாடிக்கையாளரிடம் வாய் கொடுத்துவிட்டு, சமாதானம் பேச என்னை முன்னால் தள்ளுவார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. "ஊரார் கல்யாணத்தையெல்லாம் வெட்டுறீங்களே சவரி, உங்கட கல்யாணம் எப்ப?" என்று ஒருமுறை கேட்டேன். "எடுத்தாத்தானே நாநா வெட்டுறதுக்கு" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்களுக்குள் வந்ததில்லை. நாநா என்பது முஸ்லிமான எனக்கு அவர் கொடுத்த அண்ணன் முறை.

அடக்கத்துக்கு வட்டகொடைக்குப் போனேன். அவருடைய படம் ஒன்றைக் கடையில் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எடுத்துச் சென்றிருந்தேன். சவரியின் அம்மாவுக்குச் சீனி வியாதியில் பார்வை போய்விட்டது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு ஸ்டூடியோக்காரனுக்கு வேறு எதைக் கொண்டுபோவது என்று தோன்றவில்லை. அந்த அம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு மேலும் கீழுமாகத் தடவிப் பார்த்தார்.

"கண்ணாடிதான் தம்பி கைக்குத் தட்டுப்படுது" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் பேசுனது எங்கயாச்சும் புடிச்சு வச்சிருக்கீங்களா? ஊரு பூராத்தையும் புடிச்சானே."

"பாக்கிறேன் அம்மா" என்றேன். இருக்காது என்று தெரிந்தேதான் சொன்னேன்.

இருக்காது என்று எப்படித் தெரியும் என்றால், கல்யாண வீட்டில் சவரியைப் போல் பேசுகிற ஆள் கிடையாது. மாலையை நேராக்கச் சொல்வார், பிள்ளைகளை விரட்டுவார், ஐயரையே கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வார். படத்தில் மட்டும் அவர் பேசிய ஒரு சொல்கூட இருக்காது. "எடுக்குறவன் கொரலு படத்துல கேட்டா, சாமி ரூமுக்குள்ள செருப்போட போன மாதிரி நாநா" என்பார். தும்மலைக்கூட விடமாட்டார். போனிலும் குரல் பதிவு அனுப்புகிற பழக்கம் அவருக்கு இல்லை. எதைக் கேட்டாலும் கட்டைவிரல் படம் ஒன்று வரும். இருந்தும் வீட்டுக்கு வந்து போனை முழுக்கத் துழாவினேன். கட்டைவிரல்கள்தான் இருந்தன. தங்கையின் போனிலும் அதே கதை.

உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், ஒருமுறை கிட்டத்தட்ட அழுதபடி அழைத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். சவரி போனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி விட்டிருந்தார்.

"அண்ணே, மொதல்ல சரியாத்தான் இருக்கு. போகப் போக வாயி ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் போவுது."

"போன்ல எடுத்ததா?"

"ஆமாண்ணே. கேமரா மழையில நனைஞ்சிருச்சு."

"போனு ஒரே சீரா எடுக்காதுப்பா. வெளிச்சம் கொறைஞ்சா அதுவும் நடைய மாத்திக்கும். மொதல்ல மொத்தத்தையும் ஒரே வேகத்துக்கு மாத்து. அப்புறமா வெட்டு. மாத்தாம வெட்டிப்புட்டு எனக்கு போன் போடாத."

வைத்துவிட்டார். நன்றி சொல்ல அந்த மனிதருக்கு இடமே கொடுக்கவில்லை. இன்றைக்கும் போனில் எடுத்ததை மாற்றாமல் வெட்டி மாட்டிக்கொள்பவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். இனி திட்டுவதற்கும் ஆள் இல்லை.

தானாகச் சரிசெய்யும் பொத்தான்களை அவர் நம்பமாட்டார். பனிக்குள் வெளியில் எடுத்த படத்தில் நிறத்தைத் தானாகச் சரிசெய்யவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குக் காட்டினார். மலையும் தேயிலையும் பளிச்சென்று வந்தன. கல்யாணப் பெண்ணின் முகம் கரியாகிவிட்டது. "மெசினுக்குப் பனின்னா என்னான்னு தெரியாது நாநா. அழுக்குன்னு நெனச்சுத் தொடைக்குது" என்றார். முகத்தை மட்டும் பார்த்து நிறத்தை வையுங்கள், மலை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. இதயம் பறப்பது, ரோஜா விரிவது, பக்கம் புரள்வது எல்லாவற்றையும் வாடிக்கையாளர் கேட்பார்கள். கேட்டவர்களுக்கு ஒரே ஒரு இதயம் கொடுப்பார், அதையும் மனமில்லாமல்.

தன்னால் எல்லாம் முடியும் என்று நினைத்திருந்த மனிதரை ஒரே ஒருவர்தான் வாயடைக்க வைத்தார். இறம்பொடைப் பக்கத் தோட்டம் ஒன்றில் ஒரு பெண்பிள்ளைக்குச் சடங்கு. பிள்ளையின் தாய் குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தார். வீடியோ அவருக்காகத்தான். அன்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் தகரக் கூரையில் மழை கொட்டியிருக்கிறது. இரைச்சல் நீக்கும் வசதி புதிதாக வந்திருந்த காலம். சவரி அதை முழு அளவுக்கும் திருப்பி, மழையைத் துடைத்து எடுத்துவிட்டார். வாழ்த்துச் சொன்ன மாமன்மார் பானைக்குள் தலையை விட்டுப் பேசியது போல் கேட்டார்கள். ஆனால் மழை இல்லை. அவருக்கு அதில் ஏகப் பெருமை. என்னைக் கூப்பிட்டு இரண்டு தடவை போட்டுக் காட்டினார்.

சில நாள் கழித்து குவைத்திலிருந்து அந்தத் தாய் கடைக்கு அழைத்தார். கோபமாகப் பேசவில்லை. "எங்க லயத்துல மழைச் சத்தம் இல்லாம என்னைக்குங்க விசேசம் நடந்துச்சு?" என்றார். "வேற யாரு வீட்டையோ பாக்குற மாதிரி இருக்குங்க. எம்புள்ள வீட்டக் காட்டுங்க."

சவரி போனை வைத்துவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தார். அந்த வீடியோவை முதலிலிருந்து மறுபடி செய்தார். அதன் பிறகு அந்த வசதியைப் பாதிக்கு மேல் திருப்பியதே இல்லை. "சத்தத்தப் பாதிதான் எடுக்கணும். மிச்சப் பாதி அந்த எடத்துக்குச் சொந்தம்" என்று, தானே கண்டுபிடித்த நீதி போல எல்லோருக்கும் சொல்லத் தொடங்கினார். அது குவைத் அம்மாவிடம் கற்றது என்று அவர் சொன்னதை நான் கேட்டதில்லை. இப்போது நான் சொல்லிவிட்டேன்.

வெட்டி முடித்ததைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நாற்காலியில் சாய்ந்து, திரைக்கு முதுகு காட்டிக்கூட உட்காருவார். "கேக்கும்போது எங்க தடுக்குதோ அங்க வெட்டு சரியில்ல" என்பார். படம் மாறுவதற்குக் கொஞ்சம் முன்பே அடுத்த இடத்தின் சத்தத்தை உள்ளே விட்டுவிடுவார். மணவறை தெரிவதற்கு முன் மேளம் கேட்டுவிடும். பார்ப்பவர்களுக்கு வெட்டிய இடமே தெரியாது.

எங்களுக்குள் நடந்த பெரிய சண்டை ஹார்ட் டிஸ்க்குகளைப் பற்றியது. கல்யாணம் முடிந்து, படம் கைமாறி, பிள்ளையும் பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகும் எடுத்த மூலத்தை அழிக்கவிடமாட்டார். மலைக் குளிருக்கு ஈரம் ஏறாமல் இருக்க, பிஸ்கட் தகரங்களில் அரிசியைப் போட்டு, அதற்கு மேல் துணி விரித்து டிஸ்க்குகளை அடுக்கி வைத்திருந்தார். என் அலமாரியில் இரண்டு தட்டுகளை அவைதான் பிடித்திருந்தன.

"இது ஸ்டூடியோவா, அரிசிக் கடையா சவரி?"

"வெட்டுனதுன்னா போயிருச்சுன்னு நெனக்கிறீங்க. போகாது நாநா. ஒளிஞ்சுக்கிட்டு நிக்கும். தாய் வீடியோ பத்திரமா இருந்தா, ஓரத்தப் புடிச்சு இழுத்தா வந்துரும்."

எடிட்டிங் தெரிந்த உங்களுக்கு இது புதிதல்ல. மென்பொருளில் நாம் வெட்டுவது துணியை வெட்டுவது போலல்ல. ஒரு துண்டின் இரண்டு ஓரங்களுக்கும் அப்பால் மிச்சம் அப்படியே மறைந்திருக்கும். மூலத்தை அழித்தால்தான் அது போகும். எனக்கும் இது தெரியும். இடம் அடைக்கிறது என்ற என் கருத்து மட்டும் இன்றுவரை மாறவில்லை.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்துக் கினிகத்தேனையிலிருந்து அந்தக் கல்யாணப் பெண்ணின் தகப்பனார் வந்தார். சவரி கடைசியாக ஓடவிட்டுப் போன படம் அவர் கைக்குப் போய், வீட்டில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"எல்லாம் நல்லாருக்குங்க நாநா. பொண்ணு கெளம்புறப்ப அவ அம்மா அழுவுற எடம் மட்டும் வெடுக்குனு வருது, வெடுக்குனு போயிருது. கொஞ்சம் நீட்டிக் குடுப்பீங்களா? ஒரு அவசரமும் இல்ல."

பகல் வேளை, கடையில் ஆள் இல்லை. நானே சவரியின் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கல்யாணத்தைத் திறந்தேன். இடத்தைக் கண்டுபிடித்தேன். துண்டின் முன் ஓரத்தைப் பிடித்து இழுத்துவிட்டு, ஓடவிட்டேன்.

"பெரியப்பா, லைட்ட மறைக்காதீங்க" என்றார் சவரி.

கையை எடுத்துவிட்டேன். அம்மா கேட்ட நாளிலிருந்து போன்களில் தேடிக்கொண்டிருந்தேனே தவிர, இங்கே தேட எனக்குத் தோன்றவே இல்லை. அவருடைய குரல் இல்லாத படங்களையே பார்த்துப் பழகிவிட்டேன். மறுபடியும் ஓடவிட்டு, கடைசிவரை கேட்டேன். அன்று நான் அழுதேன். அதை எழுதாமல் விட்டால் இது பொய்யாகிவிடும்.

தகப்பனாருக்கு அழைத்து விஷயத்தைச் சொல்லி, அந்தச் சத்தத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "இதுக்குப் போயி கேப்பீங்களா நாநா? எடுத்துக்கங்க" என்றார். பின்னால் நாதஸ்வரமும் பந்தி இரைச்சலும் இருந்தன. அந்த இரைச்சலில் பாதியைத்தான் துடைத்தேன்.

சின்ன ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு வட்டகொடைக்குப் போனேன். நான் கொடுத்த படம் சுவரில் தொங்கியது, பூ வைத்திருந்தார்கள். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தங்கை பக்கத்தில் நின்றார். முன்கதை எதுவும் சொல்லாமல் போட்டேன்.

"பெரியப்பா, லைட்ட மறைக்காதீங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெரிய மனுசன்னுகூடப் பாக்காம... வாயப் பாரு இவனுக்கு" என்றார், சவரி அடுத்த அறையில் இருப்பது போல.

ஸ்பீக்கரில் மேளம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு சவரி, வாடிக்கையாளரிடம் அவர் பேசி நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரலில், மெதுவாகப் பேசினார். யாரோ ஒரு பெண்ணின் தாய்க்குக் கேமரா இருக்கும் பக்கத்தைக் காட்டுவதற்காகச் சொன்னதுதான்.

"அம்மா, அழுவாதீங்க. இந்தப் பக்கம் திரும்புங்க. நா இங்கதான் நிக்கிறேன்."

அம்மா சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழுவலப்பா" என்றார்.

ஸ்பீக்கரை அங்கேயே விட்டு வந்தேன். எந்தப் பொத்தானை அழுத்தினால் மறுபடி கேட்கும் என்று அம்மாவின் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். வாசல் தாண்டுவதற்குள் பெரியப்பா மறுபடியும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

சவரியின் டிஸ்க்குகள் அரிசித் தகரங்களில் அதே அலமாரியில்தான் இருக்கின்றன. அரிசியை மாற்றிவிட்டேன். போனில் எடுத்ததை மாற்றிவிட்டு வெட்டுகிறோம். சத்தத்தில் பாதியை விடுகிறோம். கண்ணை மூடிக் கேட்கிறோம். இவை அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை. அவர் பேச்சை மீறி ஒரு காரியமும் செய்கிறேன். இப்போது எங்கள் கடையிலிருந்து போகும் ஒவ்வொரு கல்யாணத்திலும், ஏதாவது ஓர் இடத்தில், எடுப்பவரின் குரலை ஒரு சொல்லளவு வெட்டாமல் விடுகிறேன். சவரி பார்த்தால் முதல் வேலையாக அதைத்தான் வெட்டுவார்.